கல்லீரல் செல்லைப் பிரித்து வளர்ப்பது: முதல் ஊசியிலிருந்து மூன்றாம் நாள் வரை

கல்லீரல் செல் வளர்க்கக் கற்றுக்கொள்ள வருகிற எல்லாரும் முதலில் கேட்பது எந்த மீடியம் (செல்லுக்கு உணவாகும் திரவம்), எந்தப் பிளேட் என்றுதான். அதெல்லாம் அப்புறம். செல்களைப் பிரிப்பதற்காகக் கல்லீரலுக்குள் திரவம் ஓடுகிற முதல் 20 நிமிடத்திலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அங்கே கெட்டுப்போன செல்லை உலகத்தின் விலையுயர்ந்த மீடியமும் தூக்கி நிறுத்தாது. அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து ஓட்டவும் முடியாது, கண்ணும் விரலும்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கம் வர ஒரு உயிருள்ள எலியைச் செலவழிப்பது தேவையில்லாதது. வடசென்னையில் லேப் வைத்திருக்கிற நமக்குப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே போங்கள் என்பதுதான் என் வாதம்.

கீழே சொல்வது பெரும்பாலும் எலிக்கானது. சுண்டெலிக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

இந்தப் பாடு உங்களுக்கு வேண்டுமா?

நேர்மையாக யோசியுங்கள். ஒரு ஜீனை உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும், ஒரு புரதம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் லேபில் தொடர்ந்து பெருகுகிற மனித ஈரல் செல் வகையான ஹெப்ஜி2 போதும். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திடம் கேட்டு வாங்கலாம், உறைய வைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம், ஒரு எலியும் சாக வேண்டாம்.

ஆனால் ஹெப்ஜி2 ஒரு புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தது, மருந்தை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதில் மிகக் குறைவு. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை நேரடியாக ஈரலைக் கெடுப்பதில்லை. சைட்டோகுரோம் நொதிகள், முக்கியமாக 2இ1, அதை நாப்கி என்ற நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. செல்லைக் காக்கிற குளூட்டதயோனை அது தின்று தீர்த்த பிறகுதான் செல் சாகிறது. அந்த நொதி ஏறக்குறைய இல்லாத செல்லில் பாராசிட்டமாலைக் கொட்டிவிட்டு 'பாதிப்பில்லை' என்று ஆய்வேடு எழுதினால் அதில் அர்த்தமில்லை. மருந்து வளர்சிதை மாற்றம், நச்சுத்தன்மை, பித்த அமிலப் போக்குவரத்து, யூரியா உற்பத்தி என்றெல்லாம் கேள்வி இருந்தால் புதிதாகப் பிரித்த செல் வேண்டும்.

கல்லீரலில் எண்ணிக்கையில் சுமார் 60 சதவீதமும் கன அளவில் சுமார் 80 சதவீதமும் ஹெபட்டோசைட்டுகள், அதாவது ஈரலின் முக்கிய வேலைகளைச் செய்கிற செல்கள். உடம்புக்குள் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எலியின் ஈரல் மறுபடி வளர்ந்துவிடும். அதே செல்லைத் தட்டில் போட்டால் பெருகாது, அதோடு தன் வேலையையும் மறக்கத் தொடங்கும். சைட்டோகுரோம் அளவு முதல் ஒன்றிரண்டு நாளிலேயே சரிகிறது. அதனால் 'வளர்ப்பு' என்ற சொல்லை நம்பிப் பத்து நாள் பரிசோதனை போடாதீர்கள். சோதனைப் பொருளைக் கரைத்து, தட்டில் எந்தக் குழியில் எது என்று தாளில் வரைந்து, எல்லாம் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் எலியைத் தொட வேண்டும்.

அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன். 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு உங்கள் படிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், எலி பதிவு பெற்ற இனப்பெருக்க மையத்திலிருந்து வர வேண்டும். குழு கூடுவதற்கே மாதங்கள் ஆகலாம், ஆகவே படிவத்தைத்தான் முதலில் எழுதுங்கள். மயக்க மருந்து கொடுப்பதைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். வேப்பேரி கால்நடைக் கல்லூரியும் மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழக வளாகமும் இருக்கிற ஊரில் அதற்கு ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. கெட்டமைன் கட்டுப்பாட்டு மருந்து, பதிவேடும் பூட்டும் வேண்டும். அறுவை சிகிச்சையில் மிஞ்சிய மனித ஈரல் திசு என்றால் அது வேறு குழு, நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஒரு துண்டும் லேபுக்குள் வரக்கூடாது.

ஆட்டுத்தொட்டியில் முதல் பாடம்

விடிகாலையில் போங்கள். கால்நடை மருத்துவர் ஈரலைக் கீறிப் பார்ப்பார், அது அவர் வேலை. தட்டைப்புழு இருக்கிறதா என்று பித்தக் குழாயைத் திறந்துதான் தெரிந்துகொள்ள முடியும். நமக்கு வேண்டியதோ மேலுறை கிழியாத ஒரு மடல். அவரிடமும் வெட்டுகிற அண்ணனிடமும் முதல் நாளே போய் எதற்கு என்று சொல்லிவிட்டால், பின்பக்கம் வாலைப் போல நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன மடலைக் கீறாமல் அடியோடு அறுத்துத் தருவார்கள். காசு கொடுங்கள், ஆராய்ச்சி என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள். 'சுவரொட்டியும் வேணுமா சார்' என்று கேட்பார்கள், மண்ணீரல் நமக்கு வேண்டாம்.

ஈரலில் வெள்ளைக் கோடுகளோ, கெட்டியான தடித்த குழாய்களோ தெரிந்தால் அது புழு இருந்த ஈரல், விட்டுவிடுங்கள். நல்ல மடல் கையில் வந்ததும் அங்கேயே, வெட்டு முகத்தில் வாய் திறந்து நிற்கிற பெரிய ரத்தக் குழாயில் 50 மி.லி. சிரிஞ்சால், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெபாரின் கலந்த குளிர்ந்த சலைனைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவிவிட வேண்டும். லேபுக்கு வந்து கழுவலாம் என்றால் பேசின் பிரிட்ஜ் நெரிசலிலேயே ரத்தம் உறைந்துவிடும். அப்புறம் மடலை ஒரு பையில் குளிர்ந்த கரைசலோடு போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். நேராக ஐஸ்மேல் வைத்தால் ஓரம் உறைந்து செல் வெடிக்கும். காசிமேட்டில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வாங்குகிற உடைத்த ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் இதற்குத் தாராளம், ஆனால் அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது, பை நன்றாக மூடியிருக்கட்டும்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். புருசெல்லா, கியூ காய்ச்சல் போன்றவை ஆட்டிலிருந்து மனிதருக்கு வரக்கூடியவை. உங்கள் உயிர்ப் பாதுகாப்புக் குழுவிடமும் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

லேபில் இந்த மடலை வைத்துப் பழக வேண்டியது நான்கு: கேனுலாவை (மெல்லிய பிளாஸ்டிக் குழலை) ரத்தக் குழாய்க்குள் விட்டு நூலால் கட்டுவது, குமிழி இல்லாமல் பம்பை இணைப்பது, ஈரல் எப்படி வெளுக்கிறது என்று பார்ப்பது, செல்களைக் கட்டியிருக்கும் நாரைக் கரைக்கிற கொலாஜினேஸ் நொதி போன பிறகு விரலுக்கு எப்படி இளகுகிறது என்று உணர்வது. கடைசி விஷயத்தை எந்தக் காணொளியும் கற்றுத் தராது. இதிலிருந்து உயிருள்ள செல்லும் கிடைக்கும், ஆனால் ரத்த ஓட்டம் நின்றதிலிருந்து கழுவும் வரை ஆன நேரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்த எண்ணை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

கரைசல்கள்

இரண்டே கரைசல்தான். கொலாஜினேஸை ஈரலுக்குள் ஓட விட்டு செல்லைப் பிரிக்கும் முறையை 1969-இல் பெர்ரியும் ஃபிரெண்டும் வெளியிட்டார்கள், அதை இரண்டு கட்டமாக்கி 1976-இல் நார்வேயின் செக்லென் விரிவாக எழுதினார். இன்றைக்கு நாம் செய்வது அடிப்படையில் அதுதான்.

முதல் கரைசல்: கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத ஹேங்க்ஸ் உப்புக் கரைசல், அதில் 0.5 மில்லிமோலார் இஜிடிஏ, பிஎச்-சை நிலையாக வைக்கிற ஹெப்பிஸ் 25 மில்லிமோலார், பிஎச் 7.4. எலிக்கு 300 மி.லி., சுண்டெலிக்கு 50 மி.லி. பக்கத்துச் செல்களைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரதங்களுக்குக் கால்சியம் வேண்டும். இஜிடிஏ அதைப் பிடுங்கிக்கொள்கிறது, பிடி தளர்கிறது.

இரண்டாம் கரைசல்: கால்சியம் உள்ள ஹேங்க்ஸ் அல்லது குளுக்கோஸ் குறைந்த டிஎம்இஎம் மீடியம், 15 மில்லிமோலார் ஹெப்பிஸ், மேலதிகமாகக் கால்சியம் குளோரைடு மொத்தம் 5 மில்லிமோலார் வரும்படி, கொலாஜினேஸ் நான்காம் வகை ஒரு மி.லி.க்கு சுமார் 100 யூனிட். பல லாட்டுகளில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுப்புகளில்) இது 0.5 மி.கி. அளவுக்கு வரும், ஆனால் எடையை நம்பாமல் புட்டியில் எழுதியிருக்கும் யூனிட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். எலிக்கு 360 மி.லி. வரை. கொலாஜினேஸ் வேலை செய்யவும் கால்சியம் வேண்டும். குழாயில் மிச்சமிருக்கிற இஜிடிஏ அதைத் தின்றுவிடக்கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறோம். நொதியைப் பொடியாகவே வைத்திருந்து, எலி மயங்கிய பிறகு கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள்.

கொலாஜினேஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கிற கலவை அது, தூய நொதி கிடையாது. லாட்டுக்கு லாட் குணம் மாறும். நான்கைந்து லாட்டில் சிறு மாதிரி கேளுங்கள், தருவார்கள். எது நல்ல செல் தருகிறதோ அதே லாட் எண்ணில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஆர்டர் போட்டு, பார்சல் வேனில் அரை நாள் கிடந்து வந்தால் யாரையும் கேட்க முடியாது. தை, மாசியிலேயே வாங்கிவிடுவது புத்தி.

உப்புகள், கண்ணாடிச் சாமான், சிலிக்கான் குழாய் எல்லாம் பார்க் டவுனில் நைனியப்பன் நாயக்கன் தெருவில் கிடைத்துவிடும். ஆனால் செல்லைத் தொடுகிற எதற்கும் அங்கே மலிவாகக் கிடைக்கிற தரம் வேண்டாம், 'செல் கல்ச்சர்' என்று போட்டதையே வாங்குங்கள். தண்ணீர் இன்னொரு தலைவலி. லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வாட்டர் பாத்துக்குள்கூட வரக்கூடாது. நல்ல சுத்திகரிப்புக் கருவி லேபில் இல்லையென்றால் ஊசிமருந்து கலக்கும் மலட்டு நீரை மருந்துக் கடையில் வாங்கிக் கரைசல் செய்யுங்கள், பாக்டீரிய நச்சு இல்லை என்ற உறுதியோடு வருகிறது.

எலியின் கல்லீரலில் திரவம் ஓட்டுவது

எட்டு முதல் பத்து வாரமான, 200 முதல் 300 கிராம் எடையுள்ள எலி நல்லது. வயதான கொழுத்த எலியில் கொழுப்பு ஏறிய செல்கள் கனமில்லாமல் மிதந்து, பின்னால் சென்ட்ரிபியூஜில் அடியில் உட்காராது.

பம்பை முதலில் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பாத்தை 42 டிகிரியில் வைத்தால்தான் குழாயின் முனையில் 37 கிடைக்கும், ஏசி அறையில் ஒரு மீட்டர் குழாய்க்குள் அவ்வளவு சூடு போய்விடும். பாத்தின் திரையைப் பார்க்காமல் முனையில் வெப்பமானியை வைத்து அளந்துகொள்ளுங்கள். 35-க்குக் கீழே போனால் நொதி மந்தமாகி நேரம் இழுக்கும், 39-க்கு மேலே போனால் செல்லே வேகும். குழாயில் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. ஒரே குமிழி ஒரு கிளைக்குழாயை அடைத்துவிட்டால் அந்த மடல் கடைசிவரை சிவப்பாகவே நிற்கும், அதில் செல் கிடைக்காது. குமிழிப் பொறி ஒன்றை இடையில் இணையுங்கள், மருத்துவமனை டிரிப் செட்டில் இருக்கிற சொட்டு அறையே போதும்.

மயக்க மருந்து உங்கள் ஒப்புதல் படிவத்தில் உள்ளபடிதான். பொதுவாக ஒரு கிலோ எடைக்குக் கெட்டமைன் 75 முதல் 100 மி.கி., சைலசின் 5 முதல் 10 மி.கி. வயிற்றறைக்குள் போடுவார்கள். பின்னங்கால் விரலை நன்றாகக் கிள்ளிப் பாருங்கள், காலை இழுத்தால் இன்னும் ஆழம் போதவில்லை, கத்தியை எடுக்கவே கூடாது. இந்த மயக்கத்திலிருந்து அது எழப்போவதில்லை. அதற்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதோடு வலியில் சுரக்கிற ஹார்மோன்கள் ஈரலையும் பாதிக்கும்.

வயிற்றை நடுக்கோட்டில் திறந்து, குடலை மெதுவாக உங்கள் வலப்பக்கம் ஒதுக்கி, ஈரமான காஸால் மூடுங்கள். கருநீலமாக, தடிப்பாகத் தெரிவது போர்ட்டல் சிரை, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய். அதன் அடியில் பட்டு நூல் இரண்டை வளையமாகப் போட்டுத் தளர்வாக விடுங்கள். ஹெபாரினை இப்போதே சிரையில் செலுத்தலாம். 18 அல்லது 20 கேஜ் வென்ஃப்ளானை (ஊசிமேல் பிளாஸ்டிக் குழல் போர்த்திய கேனுலாவை) சாய்வாக உள்ளே விட்டு, ரத்தம் பின்னால் வருவதைப் பார்த்ததும் ஊசியை உருவி, பிளாஸ்டிக் குழலை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிக் கட்டுங்கள். ஈரலுக்குள் கிளை பிரிகிற இடத்தைத் தாண்டிவிட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் திரவம் போகும், அவ்வளவு தூரம் வேண்டாம்.

பம்பை நிமிடத்துக்கு 10 மி.லி.யில் தொடங்குங்கள். ஈரல் வெளுக்கத் தொடங்கிய அதே கணம் கீழே பெருஞ்சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திருப்புகிற பெரிய குழாயை, வெட்டிவிட வேண்டும், திரவத்துக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் ஈரல் ஊதி உள்ளே கிழியும். வழி திறந்ததும் 25 முதல் 30 மி.லி.க்கு ஏற்றுங்கள். சில நொடியில் எல்லா மடலும் ஒரே சீராக வெளிறிய மஞ்சள் பழுப்புக்கு வர வேண்டும். ஒரு மடல் மட்டும் சிவந்து நின்றால் விரலால் லேசாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள், மடிந்திருக்கலாம்.

சுண்டெலியில் போர்ட்டல் சிரை மிகச் சின்னது, அதனால் பலரும் திசையை மாற்றி 22 அல்லது 24 கேஜை பெருஞ்சிரையில் விட்டு, போர்ட்டல் சிரையை வெட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 5 முதல் 7 மி.லி. போதும். வெளியேறும் வழியை இடையிடையே ஐந்து நொடி இடுக்கியால் பிடித்து விட்டால் ஈரல் உப்பி, திரவம் மூலைமுடுக்கெல்லாம் போகும்.

முதல் கரைசல் எலிக்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஓடட்டும். அப்புறம் இரண்டாம் கரைசல். கரைசலை மாற்றும்போது பம்பை நிறுத்தி, குழாயை எடுத்து மாற்றி, மறுபடி ஓட்டுங்கள், குமிழி உள்ளே போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இங்கிருந்து கடிகாரத்தை மறந்துவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் என்று நெறிமுறைகள் சொல்லும், லாட் மாறினால் அதுவும் மாறும். ஈரல் கொஞ்சம் பெருக்கும், பளபளப்புப் போகும், மேலுறைக்கு அடியில் காய்ந்த களிமண் தரை வெடிப்பதைப் போல மெல்லிய கோடுகள் தெரியும். மழுங்கிய இடுக்கியால் ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். குழி உடனே எழும்பி வந்தால் இன்னும் ஆகவில்லை, குழி அப்படியே நின்றால் போதும், நிறுத்துங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் இன்னும் நிறைய செல் கிடைக்கும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வருகிற கூடுதல் செல் பெரும்பாலும் செத்த செல்.

வெளியே எடுத்து வடிகட்டுவது

இந்தப் புள்ளியிலிருந்து எல்லாமே ஐஸில், எல்லாமே மெதுவாக.

ஈரலை வெட்டி எடுத்து, 10 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்) கலந்த குளிர்ந்த வில்லியம்ஸ் இ மீடியம் உள்ள பெட்ரி தட்டில் வையுங்கள். சீரம் மிச்ச நொதியை அடக்கிவிடும். சுண்டெலி என்றால் பித்தப்பையைக் கிழிக்காமல் அகற்றுங்கள். எலிக்குப் பித்தப்பையே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு இடுக்கியால் மேலுறையைப் பல இடத்தில் பிய்த்து, ஒரு ஓரத்தைப் பிடித்து மீடியத்தில் அலசுங்கள். நன்றாகச் செரித்த ஈரல் பழுப்பு மேகமாகக் கரைந்து வெளியே வரும், கடைசியில் கையில் வெள்ளை வலை மட்டும் மிஞ்சும். சுரண்டவோ அரைக்கவோ வேண்டியிருந்தால் முந்தைய கட்டம் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். சுரண்டி எடுக்கிற செல் ஒட்டாது.

100 மைக்ரான் சல்லடை, அப்புறம் 70 மைக்ரான். தானாக வடியட்டும், மேலிருந்து அழுத்த வேண்டாம். பிறகு 50 ஜி விசையில் மூன்று நிமிடம், 4 டிகிரி, பிரேக்கைக் குறைத்து வையுங்கள். சுழற்சி எண்ணிக்கை ரோட்டருக்கு ரோட்டர் மாறும்: ஆரம் 16 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 530 சுற்று வரும். ஹெபட்டோசைட் 20 முதல் 30 மைக்ரான் விட்டமுள்ள பெரிய செல், இவ்வளவு குறைந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிடும். சின்ன செல்களும் சிதறல்களும் மேலே நிற்கும். அந்த மேல் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள், பின்னால் சொல்கிறேன். அடியில் உள்ளதை வாய் அகன்ற பிப்பெட்டால் கலைத்து இன்னும் இரண்டு முறை கழுவுங்கள். குழாயை வேகமாகக் குலுக்குகிற வோர்டெக்ஸ் கருவி இந்த அறையிலேயே வேண்டாம்.

உயிர்ப்பு, அதாவது உயிருள்ள செல்லின் பங்கு (எண்ணுவதைக் கீழே சொல்கிறேன்), 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெர்கால் என்ற அடர்த்திக் கரைசல். ஒன்பது பங்கு பெர்காலுக்கு ஒரு பங்கு பத்து மடங்கு அடர்த்தியான பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கலந்து, அதைச் செல் கலவையோடு சம அளவில் சேர்த்து 200 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றினால் செத்தது மேலே மிதக்கும், உயிருள்ளது அடியில் இருக்கும். எண்ணிக்கை குறையும், ஆனால் தட்டில் குப்பை இருக்காது. 90-க்கு மேலே கிடைத்த நாளில் இதைச் செய்யாதீர்கள், தேவையில்லாத இன்னொரு அடி அது.

எண்ணுவது

செத்த செல்லை மட்டும் நீலமாக்குகிற 0.4 சதவீத ட்ரிப்பான் ப்ளூ சாயத்தில் கலந்து ஐந்து நிமிடத்துக்குள் எண்ண வேண்டும், தாமதித்தால் நல்ல செல்லும் நீலமாகும். செல் எண்ணும் கண்ணாடித் தகட்டில் (ஹீமோசைட்டோமீட்டர்) ஒரு பெரிய சதுரத்தின் சராசரியை நீர்த்தல் மடங்கால் பெருக்கி, 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.யில் உள்ள எண்ணிக்கை. சதுரத்துக்கு 40 செல், பத்து மடங்கு நீர்த்தல் என்றால் மி.லி.க்கு 40 லட்சம், 50 மி.லி. கலவையில் 20 கோடி. ஒரு எலி ஈரலுக்கு அது நியாயமான எண்தான். சுண்டெலியில் இரண்டு முதல் நான்கு கோடி வந்தால் சந்தோஷப்படுங்கள். நுண்ணோக்கியில் செல் உருண்டையாக, விளிம்பு பளிச்சென்று, சிலவற்றில் இரண்டு உட்கருவோடு இருக்கும். மேலெல்லாம் கொப்புளம் போட்டிருந்தால், நீலமாகாவிட்டாலும், அது நாளைக்குச் சாகப்போகிற செல்.

தட்டு

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எலி வாலிலிருந்து எடுத்த முதல் வகைக் கொலாஜனை 0.02 மோலார் அசிட்டிக் அமிலத்தில் மி.லி.க்கு 50 மைக்ரோகிராமாக நீர்க்க வைக்க வேண்டும். 100 மி.லி. நீரில் 115 மைக்ரோலிட்டர் அடர் அசிட்டிக் அமிலம் விட்டால் அந்த அளவு வரும். 24 குழித் தட்டில் குழிக்கு 200 மைக்ரோலிட்டர் விட்டு ஒரு மணி நேரம் வைத்து, உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ்ஸால் மூன்று முறை கழுவுங்கள், அமிலம் மிஞ்சினால் செல் ஒட்டாது.

ஒரு சதுர செ.மீ.க்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சம் உயிருள்ள செல், 24 குழித் தட்டில் குழிக்குச் சுமார் இரண்டரை லட்சம். ஹெபட்டோசைட்டுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், அடர்த்தி குறைந்தால் ஒட்டினாலும் தட்டையாகப் பரந்து வேலையை விட்டுவிடும். செல் நிமிடங்களில் அடியில் இறங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு சில குழிக்கும் ஒரு முறை குழாயைக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள். தட்டை இன்குபேட்டரில் வைத்ததும் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்துங்கள். வட்டமாகச் சுழற்றினால் எல்லாம் நடுவில் குவியும்.

விதைக்கும் மீடியம்: வில்லியம்ஸ் இ, 10 சதவீத எஃப்பிஎஸ், 2 மில்லிமோலார் குளூட்டமைன், பெனிசிலின் ஸ்ட்ரெப்டோமைசின், இன்சுலின், 1 மைக்ரோமோலார் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மூன்று நான்கு மணி நேரம் கழித்து தட்டை லேசாக அசைத்து, ஒட்டாததை உறிஞ்சி எடுத்துவிட்டு, சீரம் இல்லாத பராமரிப்பு மீடியத்துக்கு மாற்றுங்கள். அதில் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலீனியம் கலவையும் 0.1 மைக்ரோமோலார் டெக்ஸாமெத்தசோனும் இருந்தால் போதும். சீரத்தை அதற்கு மேல் விட்டால் அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் செல்லை நார்த்திசுச் செல் போல நீள வைக்கும். மாலையில் பார்த்தால் பலகோண வடிவம், மறுநாள் இரண்டு செல்லுக்கு நடுவே பளிச்சென்ற கோடாகப் பித்த நுண்குழாய்.

மறுநாள் மேலே மேட்ரிஜெல் என்ற புரதக் கூழைப் போர்த்துவது நல்லது: குளிர்ந்த மீடியத்தில் மி.லி.க்கு 0.25 மி.கி. இந்தச் சாண்ட்விச் முறையில் செல்லின் வடிவமும் பித்தப் போக்குவரத்தும் வெறும் தட்டில் இருப்பதைவிடப் பல நாள் நிற்கும். மேட்ரிஜெல் 10 டிகிரியைத் தாண்டினாலே கெட்டியாகத் தொடங்கும், பிப்பெட் முனையைக்கூடக் குளிர வைத்துக்கொள்ளுங்கள். மீடியம் தினமும் மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துச் சுவரெல்லாம் ஊறும்போது பூஞ்சை வரும். அட்டைப் பெட்டிகளைக் கல்ச்சர் அறையிலிருந்து வெளியேற்றுங்கள், ஏசியின் வடிகட்டியைக் கழுவுங்கள், இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டில் மலட்டு நீரும் கொஞ்சம் மயில்துத்தமும் போடுங்கள். ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை மீடியத்தில் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அது ஹெபட்டோசைட்டுக்கும் ஆகாது. மின்வெட்டுக்கு இன்குபேட்டருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ், பேச்சே இல்லை.

வேலை செய்கிறதா?

ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் சாட்சி இல்லை. மீடியத்தில் ஈரல் செய்கிற ஆல்புமின் புரதத்தை எலைசா சோதனையால் அளங்கள், யூரியாவை அளங்கள், மருந்து ஆய்வு என்றால் எத்தாக்சிரெசோரூஃபினைக் கொடுத்து சைட்டோகுரோம் 1ஏ நொதியின் வேகத்தையோ, டெஸ்டோஸ்டீரோனைக் கொடுத்து 3ஏ நொதியின் வேகத்தையோ பாருங்கள். எண்ணைச் செல் எண்ணிக்கைக்கோ புரத அளவுக்கோ வகுத்து எழுதாவிட்டால் ஒரு எலியை இன்னொரு எலியோடு ஒப்பிட முடியாது. ஒரே எலியின் பத்துக் குழிகள் பத்துப் பரிசோதனை ஆகாது, அது ஒரே ஒரு மாதிரி. ஆய்வேட்டு நேர்முகத் தேர்வில் முதலில் மாட்டுகிற இடம் இது.

மேல் திரவத்தில் உள்ளவர்கள்

நிறுத்தி வைத்த அந்த மேல் திரவத்தை மறுபடி 50 ஜி-யில் சுற்றி மிச்ச ஹெபட்டோசைட்டை நீக்கி, பிறகு 300 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றினால் குப்ஃபர் செல் (ஈரலின் கிருமி விழுங்கும் செல்), ரத்தநுண்குழாய் உட்சுவர்ச் செல் எல்லாம் கிடைக்கும். குப்ஃபர் செல் வெறும் பிளாஸ்டிக்கிலேயே அரை மணிக்குள் ஒட்டும், மற்றதைக் கழுவிவிடலாம். வைட்டமின் ஏ-யைச் சேமிக்கிற ஸ்டெல்லேட் செல் வேண்டுமென்றால் அதற்கென்றே தனி எலி வேண்டும். ப்ரோனேஸ் என்ற கடுமையான நொதியையும் ஓட்ட வேண்டியிருக்கும், அது ஹெபட்டோசைட்டைக் கொன்றுவிடும். வைட்டமின் ஏ கொழுப்புத் துளிகள் நிறைந்திருப்பதால் ஸ்டெல்லேட் செல் அடர்த்திக் கரைசலில் மேலே மிதக்கும், புறஊதா ஒளியில் நீலப்பச்சையாக மின்னிச் சட்டென்று மங்கும். பிளாஸ்டிக்கில் ஒரு வாரம் இருந்தால் தானாகவே தழும்பு உண்டாக்கும் செல்லாக மாறும், ஈரல் நார்மயமாதலைப் படிக்கிறவர்களுக்கு அந்த மாற்றமே பரிசோதனை.

மிச்ச ஹெபட்டோசைட்டை, உறையும்போது செல்லைக் காக்கிற டிஎம்எஸ்ஓ 10 சதவீதக் கரைசலில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறைத்து உறைய வைத்து, திரவ நைட்ரஜனில் போடலாம். எடுத்து உருக்கும்போது ஒட்டும் திறன் நன்றாகவே குறைந்திருக்கும், புரதம், ஆர்என்ஏ எடுக்க உதவும் என்ற அளவில் வையுங்கள்.

எலியின் உடலும் திசுவும் மஞ்சள் பையில், எடை எழுதி, உயிர்மருத்துவக் கழிவு எடுக்க வருகிறவர்களிடம். பம்புக் குழாயை அன்றைக்கே, சூடான காய்ச்சி வடித்த நீர், 70 சதவீத எத்தனால், மறுபடி நீர் என்ற வரிசையில் ஓட்டிக் கழுவி, உள்ளே சொட்டு நிற்காமல் தொங்கவிடுங்கள். கொலாஜினேஸ் காய்ந்து ஒட்டிய குழாயை அடுத்த முறை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது, சிலிக்கான் குழாய் மீட்டர் கணக்கில் மலிவு, தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுங்கள்.